அத்திரம்பாக்கத்துக் கல் போன வழி

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் விரல்நுனியைத் தாண்டிக் கொஞ்சம் நீளும். ஒரு முனை கூராக இருக்கும், மறுமுனை பிடிக்க வாகாகப் பருத்திருக்கும். இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்து எடுத்திருப்பார்கள். சில்லு போன இடமெல்லாம் ஆழமில்லாத குழியாகப் பள்ளமிட்டிருக்கும். குழிக்கும் குழிக்கும் நடுவே மெல்லிய வரப்பு ஓடும். அந்த வரப்பின் மேல் கட்டைவிரலை ஓட்டினால், தட்டியவர் எந்தத் திசையிலிருந்து தட்டினார் என்பதுகூடப் பிடிபடும். இதைத்தான் பள்ளிப் பாடநூல் கைக்கோடரி என்கிறது. காம்பு கிடையாது, கையே காம்பு.

இந்தக் கல்லின் சொந்த ஊர் அத்திரம்பாக்கம். சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர், பூண்டி நீர்த்தேக்கத்துக்குக் கிட்டத்தில், கொசஸ்தலையாற்றில் சேரும் ஓர் ஓடையை ஒட்டிய சிற்றூர். கடல் மட்டத்திலிருந்து 40 மீட்டர் உயரம்கூட இல்லை. செம்மண் மேடு, மழை அறுத்த வாரிகள், முள்ளுச்செடி, மேயும் ஆடு. முதல் தடவை போகிறவர் ‘இதைப் பார்க்கவா வந்தோம்’ என்றுதான் நினைப்பார். காலடியில் கிடக்கும் சரளையைக் குனிந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

சொந்த ஊர் என்று சொன்னேனே, அதிலும் ஒரு திருத்தம் உண்டு. கல் அங்கே பிறக்கவில்லை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடப்பைப் பக்கத்தில் ஒரு கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த மணல் அழுந்தி இறுகி, குவார்ட்சைட் என்னும் கடும்பாறையானது. திருத்தணி வழியாகப் போகும்போது வடக்கே தெரியும் நகரி மலை அந்தப் பாறைதான். பிறகு டைனோசர் காலத்து ஆறுகள் அந்தப் பாறையை உடைத்து உருட்டி, கூழாங்கல்லும் உருண்டைப் பாறையுமாகக் கொண்டுவந்து கொட்டின. கொட்டியது காலப்போக்கில் இறுகி அல்லிக்குழி மலையாக எழுந்து நின்றது. பூண்டியிலிருந்து பார்த்தால் தாழ்வாகப் படுத்திருக்கும் மலைத்தொடர் அது. அதன் சரிவுகளில் இன்றும் தேங்காய் அளவிலிருந்து அண்டா அளவு வரை உருண்டைக் கற்கள் மண்ணை விட்டு வெளியே வந்துகொண்டேயிருக்கின்றன. கல்லின் முதல் இரண்டு பயணங்கள் இவ்வளவுதான். நூறு கோடி ஆண்டை ஒரு பத்தியில் முடித்துவிட்டேன். ஆனால் அந்த நூறு கோடியில் யாரும் அதைக் கையில் எடுக்கவில்லையே.

மூன்றாவது பயணம்தான் சுவாரசியம், ஏனென்றால் இதில் ஆள் வருகிறார். அத்திரம்பாக்கத்தில் மிக ஆழத்தில் இருப்பது களிமண். வெள்ளம் வடிந்து போகும்போது விட்டுப்போன வண்டல், அடுக்கடுக்காகப் படிந்தது. அந்தக் களியில் இயற்கையாகக் கல் கிடையாது. கல் இல்லாத களிமண்ணுக்குள் கோடரிகளும் பிளக்கும் கருவிகளும் சில்லுகளுமாக ஆயிரக்கணக்கில் கற்கள் இருக்கின்றன என்றால், அவற்றை யாரோ தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். எப்படித் தூக்கினார்கள் என்பதற்கும் தடயம் இருக்கிறது. பெரிய பாறையை உடைத்தால் மிஞ்சும் மொத்தைக் கல் அங்கே காணோம். பாறை இருந்த இடத்திலேயே பெரிய சில்லாக உடைத்து, வேண்டாத கனத்தை அங்கேயே விட்டுவிட்டு, பாதி வேலை முடிந்த துண்டை மட்டும் ஓடைப் பக்கம் கொண்டுவந்து, அங்கே உட்கார்ந்து விளிம்பு சீவியிருக்கிறார்கள். வீட்டில் அளவெடுத்து, பட்டறையில் அறுத்த மரத்தைத் தச்சர் கொண்டுவருவது மாதிரி. நாளைக்கு வேண்டும் என்று இன்றைக்கே யோசித்தவர்கள்.

அவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள் அல்ல. நம் இனம் தோன்றுவதற்கு மிக மிக முன்னால் வாழ்ந்தவர்கள். எலும்பு ஒன்றும் கிடைக்காததால் முகம் தெரியாது. அவர்கள் காலத்து விலங்குகளின் பற்கள் கிடைத்தன, எருமை இனமும் குதிரை இனமும் சேர்ந்து. ஈரக் களியில் குளம்பு பதிந்த தடங்களும் கிடைத்தன. தண்ணீர் குடிக்க வந்த மாடு மிதித்துவிட்டுப் போன சேறு, பல லட்சம் ஆண்டு கழித்துத் தோண்டும்போது குழியாகவே இருந்தது. இதைவிடப் பெரிய அதிசயம் இந்த மாவட்டத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் திருவள்ளூர் என்றால் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

பிறகு கல் புதைந்தது. களிக்கு மேல் சரளை, சரளைக்கு மேல் செம்பூராங்கல் சரளை, அதற்கு மேல் மண் என்று ஏறிக்கொண்டே போயிற்று. ஓடை திசை மாறியது. மழை அறுத்து அறுத்து ஓரங்களைத் திறந்தது. உழுகிறவன் காலில் இடித்திருக்கும், வரப்புக்கு அண்டைக் கல்லாகியிருக்கும். யாருக்கும் அது வெறும் கல்தான்.

1863இல்தான் அது வெறும் கல் இல்லை என்று ஆனது. ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற ஆங்கிலேயர், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் 1858இல் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தவர், அந்த ஆண்டு மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் படைப் பயிற்சி மைதானத்தில் சரளைக்காகத் தோண்டிய குழி ஒன்றின் ஓரத்தில், வாரிக் கொட்டிய குப்பையில் ஒரு கல்லை எடுத்தார். அந்தச் சமயத்தில் ஐரோப்பா முழுக்க இதே பேச்சு. பிரான்சில் சோம் ஆற்றங்கரைச் சரளையில் கிடைத்த கோடரிகள் நிஜமாகவே ஆதிமனிதன் செய்தவைதான் என்று 1859இல்தான் பிரிட்டிஷ் அறிஞர்கள் ஒத்துக்கொண்டிருந்தார்கள். சார்லஸ் லயலின் மனிதனின் தொன்மை பற்றிய நூல் 1863இன் தொடக்கத்தில் வெளிவந்திருந்தது. அந்தப் பேச்சு காதில் இருந்ததால்தான் ஃபுட்டின் கண் அந்தக் குப்பையில் நின்றது. அதற்கு முன்னும் பல்லாவரத்தில் எத்தனையோ பேர் அந்தச் சரளையை அள்ளினார்கள், மிதித்தார்கள்.

நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 28 அன்று, ஃபுட்டும் அவருடன் வேலை பார்த்த வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கம் ஓடைக்கு வந்து சேர்ந்தார்கள். பல்லாவரத்தில் கிடைத்தது ஒற்றைக் கல். இங்கே ஓடைக் கரையே கோடரியாக இருந்தது. சும்மா மேலே சிதறிக் கிடந்தவை மட்டுமல்ல, கரையின் வெட்டில் சரளை அடுக்குக்குள்ளேயே இருந்தன. புவியியலாளருக்கு அதுதான் முக்கியம். தரையில் கிடக்கும் கல் எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். அடுக்குக்குள் இருக்கும் கல்லுக்கு ஒரு வயது உண்டு, அதைச் சொல்ல அந்த அடுக்கே சாட்சி.

அன்றிலிருந்து கல் ஊரை விட்டுக் கிளம்பியது. ஃபுட்டின் கட்டுரை சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் 1866இல் அச்சானது. 1868இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் நடந்த வரலாற்றுக்கு முந்தைய தொல்லியல் மாநாட்டில் அவர் இந்தக் கண்டுபிடிப்புகளைப் பற்றிப் பேசினார். தென்னிந்தியா முழுக்க நடந்து நடந்து சேர்த்த கற்களை எல்லாம் 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. 1912இல் அவர் இறந்தார். சேகரிப்பின் பட்டியல் அதற்குப் பிறகு 1914இலும் 1916இலும் இரண்டு தொகுதிகளாக வந்தது. எழும்பூரில் அந்தக் கற்கள் இன்றும் இருக்கின்றன. அருங்காட்சியகம் போகிறவர்கள் வெண்கல நடராசரைப் பார்த்துவிட்டு, திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, கற்களைத் தாண்டி வேகமாக நடப்பார்கள். குறை சொல்ல முடியாது, ஒரே மாதிரி இருக்கும் நூறு கல்லுக்கு முன்னால் யார்தான் நிற்பார்?

ஊரை விட்டுப் போனபோது பெயரும் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் காமியேட், பர்கிட் என்ற ஆய்வாளர்கள் இருவரும், அவர்களுக்குப் பின் பேட்டர்சனும், வி. டி. கிருஷ்ணசாமியும் கொசஸ்தலையாற்றுப் படுகையை அலசினார்கள். ஆற்றின் மேடுகளை எண்ணி, எந்த மேட்டில் எந்த வகைக் கல் என்று வரிசைப்படுத்தினார்கள். வடமதுரை, அத்திரம்பாக்கம் என்று ஊர்ப்பெயர்கள் கட்டுரைகளுக்குள் இருந்தன. ஆனால் உலகத்துக்குப் போனது ‘மெட்ராஸ்’ என்ற பெயர்தான். வடக்கே சோகன் ஆற்றுப் பண்பாடு, தெற்கே மெட்ராஸ் பண்பாடு என்று 1947இல் கிருஷ்ணசாமியே எழுதினார். பதினைந்து லட்சம் ஆண்டு பழைய பொருளுக்கு, 1639இல் பிறந்த பட்டணத்தின் பெயர்! கல் கிடைத்த மாவட்டமும் அன்றைக்குச் சென்னை மாவட்டம், பிறகு செங்கல்பட்டு, 1997 சனவரி 1 முதல் திருவள்ளூர். பட்டணத்தின் பெயரை வைத்ததில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, லண்டன்காரருக்கு மெட்ராஸ் தெரியும், அத்திரம்பாக்கம் தெரியாது, அவ்வளவுதான். ஆனாலும் பட்டணம் இந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்ட முதல் சரக்கு என்று நான் இதைத்தான் சொல்வேன். தண்ணீருக்கும் மணலுக்கும் முன்னால் எடுத்தது.

தண்ணீர் அடுத்தது. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியில் கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் அணை கட்டினார்கள், 1944இல் திறந்தார்கள். அவர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்; ஏரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். சென்னைக் குழாயில் வந்த தண்ணீருக்காக இந்தப் பக்கத்துச் சாமியே வீடு மாறியிருக்கிறார். கண் பார்வை இழந்து வந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்த தலம் திருவெண்பாக்கம். அந்த இடம் நீருக்குள் போனதால் ஊன்றீசுவரர் கோயிலைப் பெயர்த்துக் கொண்டுவந்து பூண்டியில் கட்டினார்கள். 1996 முதல் கிருஷ்ணா நீரும் ஊத்துக்கோட்டை எல்லையில் நுழைந்து கால்வாய் வழியாகப் பூண்டிக்கு வருகிறது. 2020 நவம்பரில் இதே பக்கத்தில் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் திறக்கப்பட்டது, 50 கோடி கன அடி கொள்ளளவு. எல்லாம் சென்னைக்குத்தான்.  

கல்லுக்குத் திரும்புவோம். 1999இல் தொல்லியலாளர் சாந்தி பப்பு தலைமையில் ஷர்மா பாரம்பரியக் கல்வி மையம் அத்திரம்பாக்கத்தில் மறுபடி தோண்டத் தொடங்கியது. அதற்கு முன் தோண்டியவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் வந்து நிறுத்தியிருந்தார்கள். அடியில் இருந்த களிமண்ணை அவர்கள் டைனோசர் காலத்து ஆவடி மென்பாறை என்று நினைத்தார்கள். மனிதன் பிறப்பதற்குப் பத்துக் கோடி ஆண்டு முந்தைய பாறைக்குள் கோடரியைத் தேடுவானேன்? மண்வெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். புதிய குழு அந்தக் களிக்குள்ளும் இறங்கியது. கீழே போகப் போகக் கோடரிகள் வந்துகொண்டேயிருந்தன. நூற்று முப்பது ஆண்டுகளாக அறிஞர்கள் ‘இதற்குக் கீழே ஒன்றுமில்லை’ என்று நின்ற தரைதான் இந்தத் துணைக்கண்டத்தின் மிகப் பழைய கதைகளில் ஒன்றின் கூரை.

வயது கண்டுபிடிக்கக் கல் மறுபடி கப்பல் ஏறியது, இந்த முறை தெற்குப் பிரான்சுக்கு. வழி இதுதான். வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் அண்டக்கதிர்கள் வெட்டவெளியில் கிடக்கும் குவார்ட்ஸ் மணிகளில் இரண்டு கதிரியக்கப் பொருள்களை உண்டாக்குகின்றன: அலுமினியம்-26, பெரிலியம்-10. வெளியில் இருக்கும்வரை இரண்டும் ஒரு நிலையான விகிதத்தில் சேரும். கல் பல மீட்டர் ஆழத்தில் புதைந்துவிட்டால் கதிர் வராது, வரவு நின்றுவிடும், இருப்பு மட்டும் கரையும். அலுமினியம் சுமார் ஏழு லட்சம் ஆண்டில் பாதியாகும், பெரிலியம் பாதியாவதற்கு ஏறக்குறைய 14 லட்சம் ஆண்டு பிடிக்கும். மிஞ்சியதன் விகிதத்தை எடுத்தால் புதைந்து எவ்வளவு காலமாயிற்று என்று கணக்குப் போடலாம். இதற்குக் கல்லை இடித்துப் பொடியாக்கி அமிலத்தில் கரைக்க வேண்டும். பதினைந்து லட்சம் ஆண்டு முழுசாக இருந்த சில கருவிகள், வயதைச் சொல்வதற்காகவே பொடியாகிப் போயின. நியாயமான விலைதான் என்று நினைக்கிறேன், ஆனாலும் அந்த முதல் அடி விழும்போது ஆய்வகத்தில் யாருக்காவது கை தயங்கியிருக்கும்.

கணக்கு 2011 மார்ச்சில் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. குறைத்துச் சொன்னாலும் 10.7 லட்சம், எல்லாக் கற்களையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி 15.1 லட்சம் ஆண்டு. களியில் பதிந்திருந்த காந்தத் திசையும் இன்றைய திசைக்கு நேரெதிராக இருந்தது. புவியின் காந்தம் கடைசியாகத் திரும்பியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுக்கு முன். களி அதற்கும் பழையது என்று அதுவும் ஒத்துப்போயிற்று. ஆப்பிரிக்காவில் இந்த வகைக் கோடரியின் மிகப் பழைய மாதிரிகளில் ஒன்று கென்யாவில் கிடைத்தது, வயது 17.6 லட்சம் ஆண்டு. ஆக, அங்கே இந்த வேலையைக் கற்றவர்களின் வழிவந்தவர்கள் புவியியல் கணக்கில் அதிகம் தாமதிக்காமல் கொசஸ்தலைக் கரைக்கு வந்திருக்கிறார்கள்.

ஏழு ஆண்டு கழித்து, 2018 பிப்ரவரியில், ‘நேச்சர்’ இதழில் அடுத்த குண்டு விழுந்தது. இந்தமுறை மேலடுக்குகளின் வயது, அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் உதவியோடு. மண் மணி கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று அதில் சிக்கியிருக்கும் ஆற்றலை வைத்து அளக்கும் முறை. அத்திரம்பாக்கத்தில் பெரிய கோடரியை விட்டுவிட்டு, முன்கூட்டித் திட்டமிட்டுச் சிறு சில்லு எடுக்கும் நுணுக்கம் சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன்னமே தொடங்கி 1,72,000 வரை நீடித்திருக்கிறது என்றார்கள். அதுவரை இதில் இரண்டு கட்சி இருந்தது. இந்த நுணுக்கம் ஆப்பிரிக்காவிலிருந்து நவீன மனிதர் சுமார் ஒன்றேகால் லட்சம் ஆண்டு வாக்கில் கொண்டுவந்தது என்பது ஒரு கட்சி. இல்லை, இங்கேயே முளைத்திருக்கலாம், அல்லது அதற்கு மிக முன்பே யாரோ கொண்டுவந்திருக்கலாம் என்பது மறுகட்சி. ஒரு சிற்றூரின் ஓடைக்கரை இரண்டு கட்சியையும் மறுபடி உட்கார்ந்து யோசிக்க வைத்தது. வயதின் ஏற்றத்தாழ்வு அறுபதாயிரம் ஆண்டுக்கு மேல் போகிறது, அதனால் சண்டை முடியவில்லை, முடியவும் வேண்டாம்.

ஆய்வகம் போன கற்கள் பாக்கியசாலிகள். பெரும்பான்மைக் கற்கள் போன வழி வேறு, அது லாரி வழி. ஃபுட்டின் முதல் கல்லே சரளைக் குழியிலிருந்துதான் வந்தது என்பதை மறக்கக் கூடாது. சாலைக்கு நல்ல சரளை எது? செம்பூராங்கல் துண்டும் கூழாங்கல்லும் கலந்து, போட்டு இடித்தால் கெட்டியாக உட்காரும் செம்மண். ஆதிமனிதனின் கருவிகள் அதிகம் கிடக்கும் அடுக்கும் அதேதான். எஞ்சினீயரும் தொல்லியலாளரும் இந்த வட்டாரத்தில் ஒரே மண்ணைத்தான் நூற்றறுபது ஆண்டாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், எஞ்சினீயரிடம் பொக்லைன் இருக்கிறது. ஏரியில் சவுடு எடுக்க அனுமதி, பட்டாவில் கிராவல் எடுக்க அனுமதி, யூனிட்டுக்கு இவ்வளவு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டைக்கு மேடு போட மண் வேண்டும், ஆவடி வரை வந்துவிட்ட மனைப்பிரிவுகளுக்குப் பள்ளம் நிரப்ப மண் வேண்டும். 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904ஆக விரித்தபோது திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும் பகுதி அதற்குள் வந்துவிட்டது. எல்லை விரிந்தால் சாலை வரும், சாலை வந்தால் சரளை போகும். கொசஸ்தலைப் படுகையில் கற்கருவிக் களங்கள் இப்படி அழிவதைப் பற்றி ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். நம் தார்ச்சாலைகளுக்கு அடியில் எழும்பூரில் இருப்பதைவிட அதிகக் கோடரிகள் இருக்கும் என்பது என் ஊகம். சரிபார்க்கச் சாலையைப் பெயர்க்க வேண்டும்.

பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்று உண்டு, ஏரி பார்க்கப் போகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம். அங்கே ஐந்து நிமிடம் கண்ணைப் பழக்கினாலே உருண்ட கல்லுக்கும் தட்டிய கல்லுக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். உருண்ட கல்லில் எல்லா மூலையும் மழுங்கியிருக்கும். தட்டிய கல்லில் இரண்டு முகத்திலும் குழி விழுந்து, விளிம்பு வளைந்து வளைந்து போகும். அப்படிப் பழகிய ஒருவர் தன் வீட்டு அஸ்திவாரத்துக்கு இறங்கிய கிராவலில் ஒரு கோடரியைக் கண்டுபிடித்தார் என்றே வைத்துக்கொள்வோம். நடக்காத காரியம் இல்லை. கழுவி அலமாரியில் வைத்தால் அழகாக இருக்கும். ஆனால் எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில், கூட என்ன இருந்தது என்று தெரியாத கோடரியை வைத்துக்கொண்டு ஃபுட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது, பிரான்சு ஆய்வகத்தாலும் முடியாது. அடுக்கு போய்விட்டது, குழி எது என்றாவது தெரிந்தால், அங்கே இன்னும் வெட்டாத ஓரம் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று பார்க்கலாம். அதைக் கேட்க ஒரே ஒருவர்தான் இருக்கிறார், டிப்பர் டிரைவர். கேட்டால் அவரும் மறைக்கமாட்டார், வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே கையைக் காட்டிச் சொல்வார்: “ஏரிக்கு அந்தாண்ட சார், நாலஞ்சு குழி இருக்கு, எதுல ஏத்துனாங்கன்னு நமக்கென்னா தெரியும்?”